பூஜையில் வைத்த பன்னிரண்டு கத்திகள்

கப்பலிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் என் சொந்த மகனைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து போனேன். மூன்று வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் நான் ஏற்றி அனுப்பியவன் ஒல்லிப் பையன். சட்டைக் காலர் வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு அழுதவன். சிங்கப்பூர்த் துறைமுக வேலியோரம் நின்றவனுக்குத் தோள் இரண்டு மடங்கு. ஒரு பக்கப் புருவம் பாதி கருகிப்போயிருந்தது.

"அப்பா! எங்க போறீங்க? நான் இங்கதான் நிக்கிறேன் லா!"

அந்த 'லா'வை எங்கே பிடித்தான் என்று யோசித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்தேன். உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி இருந்தது. முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாகத் தீக்காயத் தழும்பு. ஊர் திரும்பி இதை எழுதும்போதும் அந்தத் தழும்புகள் கண் முன்னால் நிற்கின்றன.

நான் திருவாரூரில் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியன். தியாகு எனக்கு ஒரே பிள்ளை. துறைமுகப் பட்டறை ஒன்றில் சாமான் கிடங்குக் குமாஸ்தாவாகச் சிங்கப்பூர் வந்தவன். ஆறு மாதத்துக்கு முன் அவனிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டு வரிதான் முக்கியம்: 'வேலையை விட்டுவிட்டேன். இப்போது கத்தி செய்கிறேன்.' என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "யாருக்குங்க செய்றான்?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். சிங்கப்பூரின் ரகசியக் கும்பல்களைப் பற்றி எங்களூர் வெற்றிலைக் கடையில் பேசாத கதை கிடையாது. அது பொய்யென்றாலும் இன்னொரு பயம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் வாத்தியார் உண்டு, கர்ணம் உண்டு. உலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் எவருமில்லை. பெண் கேட்டு ஒரு வீட்டுப் படியேறினால் பையன் என்ன செய்கிறான் என்று சொல்வது? ஆகவே கூட்டுறவுப் பண்டகசாலையில் அவனுக்கு ஒரு குமாஸ்தா வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, கையோடு அழைத்துவருவதற்காகவே கிளம்பினேன். கப்பல் எட்டாம் நாள் திரும்புகிறது.

துறைமுகத்திலிருந்து முச்சக்கர வண்டியில் போனோம். எங்களூர் ரிக்‌ஷாவில் இழுப்பவர் முன்னால் ஓடுவார். இங்கே மிதிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார், உறவுக்காரர் மாதிரி. எதிரே லாரி வரும்போதெல்லாம் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் சீனத்தில் ஏதோ சொன்னார். "உங்க அப்பா பிடிச்ச பிடியில எனக்குச் சுளுக்கு விட்டுடுச்சுன்னு சொல்றாரு" என்றான் தியாகு.

சிராங்கூன் சாலைக்குள் வண்டி திரும்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மல்லிகைப்பூ வாசனை, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை, கடைப் பலகைகளில் கொட்டை எழுத்துத் தமிழ். கடல் தாண்டி இத்தனை நாள் வந்தது திருவாரூர்க் கடைத்தெருவுக்கா என்று நினைத்தேன். அடுத்த வாசலில் ஒரு சீனக் கிழவர் உள்பனியனோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இல்லை, வேறு ஊர்தான்.

தியாகு இருப்பது காசிம் பாயின் தேத்தண்ணிக் கடை மாடியில். பட்டறை அதே கடையின் பின்கொட்டகை. காசிம் பாய்க்கு நாகூர்ப் பக்கம் பூர்வீகம், பிறந்தது இங்கே. இரண்டு குவளைகளை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தேநீரை ஆற்றியபடியே என்னை அளந்தார்.

"வாங்க வாத்தியாரே. மொகத்தப் பாத்தா நாலு நாளாத் தூங்கலன்னு தெரியுது. பயப்படாதீங்க. ஒங்க மவன் செய்யிற கத்தி குத்துறதுக்கில்ல, வெட்டுறதுக்கு."

"எதை வெட்டுவதற்கு?"

"மீனு."

சைவ வீட்டுப் பிள்ளையைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் இது. அவன் மீன் சாப்பிடுகிறானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மறுநாள் கொட்டகைக்குள் போனேன். இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு வந்துவிடுவதாக இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் வெளியே வந்தேன். ஓர் இரும்புப் பட்டையை மடித்து, அதன் நடுவில் பழைய அரத்திலிருந்து வெட்டிய எஃகுத் துண்டைச் செருகி, உலைக்குள் வைக்கிறான். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு நிறம் வரும்வரை அவன் பேசுவதில்லை. அந்த நிறம் வந்த கணம் வெளியே இழுத்து மூன்று அடி. இரும்பும் எஃகும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் தாமதித்தால் ஒட்டாது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் ஒட்டாது. "உடம்பு முழுக்க எஃகுன்னா எலும்புல பட்டதும் ஒடிஞ்சுடும்ப்பா. முழுக்க இரும்புன்னா கூர் நிக்காது. அதான் ரெண்டும்" என்றான். கரிமத்தையும் இரும்பையும் இருபது வருஷமாகக் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதியவன் நான். அவை தகதகத்து ஒட்டிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன் என்பதை வேட்டியில் பொறி விழுந்தபோதுதான் உணர்ந்தேன்.

இந்த வித்தையை எங்கே கற்றாய் என்றேன். கிடங்கில் இவன் கழித்து எழுத வேண்டிய தேய்ந்த அரங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தனவாம். ஒன்றைக் கேட்டு வாங்கி, மாலை நேரத்தில் பட்டறை உலையில் காய்ச்சிப் பார்த்தானாம். முதல் கத்தி இரண்டாக ஒடிந்ததாம். "ஏன் ஒடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சுப்பா. அவ்வளவுதான்" என்றான். என் வகுப்பில் முப்பது மாணவர்களிடம் வரவழைக்க முடியாத கேள்வி அது.

மூன்றாம் நாள் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனான். ஈரத் தரையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு, மீன் வரிசைக்குப் போனேன். ஒரு சீன மீன்காரம்மா என் மகனின் கத்தியை வைத்துப் பெரிய பாறை மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். அவனிடம் மலாயில் படபடவென்று பேசினாள். அவன் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னான்.

"பக்கத்துக் கடைக்காரி தெனமும் இந்தக் கத்தியக் கடன் கேக்குறாளாம். என் புருஷனக் கூட குடுப்பேன், இதக் குடுக்க மாட்டேன்னு இவ சொல்லிட்டாளாம்."

பிறகு அவள் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டாள். "என்ன கேட்கிறாள்?" என்றேன்.

"இவர்தான் உன் அப்பாவா, ஏன் மாங்காய் கடிச்ச மாதிரி நிக்கிறாருன்னு."

சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அன்று மாலை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பேச்சை எடுத்தேன். ரசம் நம் வீட்டு ரசம் மாதிரியே இருந்தது தைரியம் தந்தது. வேலை உத்தரவை இலையோரம் வைத்தேன். அவன் படித்தான். இடது கையால் மெல்ல என் பக்கமே நகர்த்தினான்.

"அப்பா, காத்தோங் கடற்கரையில ஒரு பெரிய சீனச் சாப்பாட்டுக் கடை. கல்யாண விருந்தெல்லாம் அங்கதான். தலைமைச் சமையல்காரர் லிம் பன்னெண்டு கத்தி கேட்டிருக்காரு. இத்தன நாள் மீன்காரங்களுக்கு ஒண்ணு ரெண்டுன்னு செஞ்சேன். அவரு எடுத்துக்கிட்டாருன்னா சிங்கப்பூர்ல எல்லாச் சமையக்கட்டும் கேக்கும். ஆறாம் நாள் குடுக்கணும். பன்னெண்டும் எடுத்துக்கிட்டா என்ன விட்டுருங்க. வேணாம்னுட்டா உங்ககூடக் கப்பல் ஏறிடுறேன். மறுபேச்சில்ல."

சம்மதித்தேன். ஒரு சீனச் சமையல்காரர் தமிழ்ப் பையனிடம் பன்னிரண்டு கத்தி வாங்கிவிடுவாரா என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை இங்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

நான்காம் நாள் அடுப்புக்கரி வாங்க ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் போனோம். வழியெல்லாம் ரப்பர் மரம், கோழிப் பண்ணை, பன்றிக் கொட்டில். எங்கள் பக்கத்து மழை தூறி, யோசித்து, பிறகு பெய்யும். இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பே கிடையாது. சேற்றில் சக்கரம் புதைந்தது. ஓட்டுநர், தியாகு, நான் மூன்று பேரும் தள்ளினோம். லாரி போய்விட்டது, என் ஒற்றைச் செருப்பு சேற்றோடு தங்கிவிட்டது. காசிம் பாய் என் காலைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு சிங்கப்பூர்ல ஒரு காலப் பதிச்சுட்டாரு" என்று கடை முழுக்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. கத்திகள் பன்னிரண்டும் முடிந்து, எண்ணெய் பூசி, சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. தியாகு கத்தியைக் கொண்டுபோகும் நேரத்தைப் பேசிவர மத்தியானமே காத்தோங் போய்விட்டான். போகும்போது, "சாயங்காலம் வந்து சம்மட்டிக்கும் உலைக்கும் பொட்டு வைக்கலாம்ப்பா" என்றான்.

அவன் வருவதற்குள் நானே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று ஓர் உற்சாகம் வந்துவிட்டது. நான்கு நாளாக அவன் உழைப்பதைப் பார்த்த கை சும்மா இருக்கவில்லை. பூக்கடையில் சாமந்தி வாங்கினேன். அவல், பொரி, சந்தனம், ஒரு டஜன் எலுமிச்சம்பழம். உலையடியைப் பெருக்கிக் கோலம் போட்டேன். சம்மட்டிக்கும் கிடுக்கிக்கும் பொட்டு வைத்தேன். கத்திகளுக்கு வைக்கப் போனால் எண்ணெய்ப் பசையில் குங்குமம் ஒட்டவில்லை. துண்டை எடுத்துப் பன்னிரண்டையும் பளிச்சென்று துடைத்தேன். சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, ஒவ்வொரு பழமாக நறுக்கிக் குங்குமம் தடவி ஒவ்வொரு கத்தியின் மேலும் கவிழ்த்து வைத்தேன். கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, நல்லபடியாக முடியட்டும் என்று கும்பிட்டேன். எது நல்லபடி என்று சாமிக்குச் சொல்லவில்லை. எனக்கே அது குழப்பமாக இருந்தது. கதவைச் சாத்தினேன்.

தியாகு வந்தான். "உள்ளே போகாதே, பூஜை போட்டாகிவிட்டது. இனி நாளைக் காலைதான் தொட வேண்டும்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "நீங்களே போட்டீங்களாப்பா? என் பட்டறைக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

விஜயதசமிக் காலையில் கதவைத் திறந்தோம். முதலில் பூவைத்தான் பார்த்தான். அடுத்து பழங்களைப் பார்த்தான். ஒன்றைத் தூக்கினான். கீழே அலகில் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துரு. சந்தனம் பூசிய இடமெல்லாம் வரிவரியாகத் துரு. இரண்டாவதைத் தூக்கினான். மூன்றாவதை. பிறகு தூக்கவில்லை, அப்படியே கரி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எண்ணெயத் தொடச்சீங்களாப்பா?"

"குங்குமம் ஒட்டவில்லை."

"எலுமிச்சம்பழத்துல என்ன இருக்கும்னு எட்டாங்கிளாஸ்ல நீங்கதானேப்பா நடத்துனீங்க."

அமிலம் இரும்பை அரிக்கும். ஈரக்காற்றில் இன்னும் வேகமாக அரிக்கும். இருபது வருஷமாக ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக் குழாயில் செய்து காட்டியிருக்கிறேன். கும்பிடும்போது அதெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

காசிம் பாய் தேநீரோடு எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் வழக்கம்போல வேடிக்கையாக ஆரம்பித்தார்: "பந்தயத்துல ஜெயிக்க இதவிடச் சுலபமான வழி கெடையாது போங்க வாத்தியாரே…" யாரும் சிரிக்கவில்லை. அவர் முகமும் மாறிவிட்டது. தியாகு தரையைப் பார்த்தபடியே, "பாய், அப்பா அப்படிச் செய்ய மாட்டாரு" என்றான். என்னைக் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினான். "விடுங்கப்பா. மூணு மணிக்குக் குடுக்கணும். முடியாது. பேசினபடி உங்ககூட வர்றேன்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். "உப்புத்தாள் எங்கே இருக்கிறது?" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "எங்கே என்று கேட்டேன்!" என்று வகுப்பில் அதட்டுகிற மாதிரி அதட்டினேன்.

தேய்த்தோம். எண்ணெய் விட்டு, உப்புத்தாளால் ஒரு தரம், கரித்தூளால் ஒரு தரம். காசிம் பாய் அடுப்பை மச்சினரிடம் விட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. பத்து மணிக்குத் துரு போயிற்று. பதினொரு மணிக்குக் குழி போயிற்று. ஆனால் ஒரு நிழல் மட்டும் போகவில்லை. தியாகு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"அப்பா, இங்க பாருங்க."

அலகின் உடம்பு ஒரு நிறம், வெட்டும் வாய்ப் பக்கம் வேறொரு நிறம். நடுவில் ஆற்றங்கரை மாதிரி ஒரு கோடு. இரும்பு எங்கே முடிகிறது, எஃகு எங்கே தொடங்குகிறது என்பதை அலகெங்கும் பூசிய சந்தனத்தோடு வழிந்த எலுமிச்சைச் சாறு பிரித்துக் காட்டியிருந்தது. மெருகு போட்ட கத்தியில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அவனே அதுவரை அந்தக் கோட்டை முழுசாகப் பார்த்ததில்லையாம். ஒவ்வொன்றாக எடுத்தான். அடியிலிருந்து முனை வரை கோடு ஒழுங்காக ஓடியது. எங்கள் மூவருக்கும் ஒரு துள்ளல் வந்துவிட்டது. "ஒம்போது… பத்து… பதினொண்ணு…" என்று காசிம் பாய் எண்ணினார். பன்னிரண்டாவதில் கோடு முனைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"ஒட்டுறப்ப எஃகு நழுவியிருக்கு. முனையில வெறும் இரும்புதான்" என்றான்.

"லிம்முக்குத் தெரியுமா?" என்றேன்.

"இன்னும் நாலு தேய் தேச்சா நிறமெல்லாம் போயிடும். எனக்கே தெரியாது. ரெண்டு மாசம் தீட்டித் தீட்டி முனை மட்டும் மழுங்குறப்பதான் அவருக்குத் தெரியும்."

அவன் கையில் உப்புத்தாள் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கத்தியைத் தனித் துணியில் சுற்றினான். "காட்டிடுறேன்" என்றான்.

மின்கம்பி பஸ்ஸில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் 'படார்' என்று சத்தம், தீப்பொறி, பஸ் நின்றுவிட்டது. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் கொம்பு நழுவிவிட்டது. கண்டக்டர் நீள மூங்கிலோடு இறங்கி, மாங்காய் பறிக்கிற மாதிரி துழாவினார். மணி இரண்டரை. "இறங்குங்கப்பா, ஓடிடலாம்" என்றான். கத்திக்கட்டு நனையக்கூடாதே என்று நான் அதைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். முக்கில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். என் ஆறு மாதப் பயமெல்லாம் உடுப்புப் போட்டு எதிரே நின்றது. சட்டைக்குள்ளிருந்து பன்னிரண்டு கத்திகளை எடுத்து நீட்டினேன். தியாகு விளக்கினான். அவர் ஒன்றின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "என் வீட்டுக் கத்தி தக்காளியைக்கூட அறுக்காது. உன் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாராம். முகவரியை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

லிம் குள்ளமானவர், குரல் மட்டும் பெரியது. பின்வாசலில் சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்து, உள்ளே வரச் சொல்லித் தலையை அசைத்தார். நான்கு அடுப்புகள் உறுமிக்கொண்டிருந்தன. கட்டைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். இஞ்சியைச் சீவினார்; சீவல் வழியாக விரல் தெரிந்தது. ஒரு பெரிய மீன் தலையை ஒரே போடாகப் பிளந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மறுபடி இஞ்சி, கூர் அப்படியே இருந்தது. அதன்பின் அலகைச் சாய்த்துப் பார்த்து மலாயில் கேட்டார். தியாகு எனக்கு முணுமுணுத்தான்.

"இது என்ன கறை?"

"சாமிக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். என் அப்பா வைத்தார்."

லிம் என்னைப் பார்த்தார். "உங்கள் சாமிக்குப் புளிப்புப் பிடிக்குமா?" அடுப்பருகே நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நகத்தால் அந்தக் கோட்டை அடியிலிருந்து முனை வரை தொடர்ந்தார். அடுத்ததை எடுத்தார். பதினொன்றையும் அப்படியே பார்த்தார். "இனி இப்படியே கொண்டு வா. எஃகு எதுவரை இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. மெருகு எனக்கு வேண்டாம்."

தியாகு தனித் துணியைப் பிரித்து, இது கெட்டது என்று சொல்லி நீட்டினான். லிம் முனையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கெட்ட கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கேட்டது பன்னிரண்டு. ஏழு நாள் தருகிறேன். பன்னிரண்டாவது வந்த பிறகுதான் நீ என் கத்திக்காரன்."

வெளியே மழை விட்டிருந்தது. கடல் பக்கத்திலேயே இருந்தது. தியாகு மணலில் நின்று சொன்னான்: "பன்னெண்டும் எடுத்தாத்தான்னு பேச்சுப்பா. அவரு எடுத்தது பதினொண்ணு. கப்பல் நாளை மறுநாள். நான் வர்றேன்."

கெட்ட கத்தியைக் காட்டிய அதே குரல். அந்தக் குரலைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைக்கவா நான் வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"ஏழு நாளில் ஒரு கத்தி முடியுமா?"

"உலையை உடனே மூட்டணும். ஒட்டு ரெண்டு தடவை தப்பினாலும் நேரம் இருக்கும்."

"அப்படியானால் மூட்டு. துறைமுகத்துக்கு வழியனுப்ப வருகிறேன் என்று பாதியில் எழுந்து வராதே."

எட்டாம் நாள் காசிம் பாய்தான் என்னை வண்டியேற்றினார். புறப்படும்போது கொட்டகைக் கதவருகே போய் நின்றேன். தியாகு உலைக்குள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் பேசமாட்டான் என்று எனக்குத் தெரியும். கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

கப்பல் படியருகே சீட்டுப் பார்த்த இளைஞர் என் கையிலிருந்த இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். "சார், இன்னொருத்தர் எங்க?"

"வரவில்லை. அவன் கத்தி உலையில் இருக்கிறது."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சார்?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னும் உரக்கச் சொன்னேன்.